நியூட்ரலுக்கு வராத மோட்டார்

ஐஸ் ஃபாக்டரி எலக்ட்ரீஷியன் இரவு ஷிப்ட் முடித்து வீட்டுப் படியேறியபோது, கதவைத் திறந்த கையோடு மனைவி சொன்னாள்.

"சின்னவ போன் பண்ணா. போட் ஸ்டார்ட் ஆகலையாம்."

"செருப்பைக் கழட்ட விடுறியா முதல்ல?"

"கழட்டுங்க, யார் வேணாம்னா? டீ குடிச்சிட்டு மறுபடி மாட்டிக்கலாம்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ராத்திரி முழுக்க ஒரு கம்ப்ரஸர் தகராறு. குளிர் அறைக்குள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால் என்று அலைந்ததில் இரண்டு முழங்காலும் யாருடையவோ மாதிரி இருந்தன. கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தல். படுக்கை தெரிந்தது. அதன் மேல் மனைவி மடித்து வைத்த துணிகளும் தெரிந்தன.

"நாளைக்குப் போறேனே."

"நாளைக்கும் ஓடலன்னா அந்தப் பக்கத்து படகுக்காரன் சவாரியெல்லாம் பிடிச்சுக்குவான்னு அழறா. ரெண்டு மணி நேர வேலைதானே உங்களுக்கு."

எந்த வேலையானாலும் அதைச் செய்யாதவர்களுக்கு இரண்டு மணி நேர வேலைதான். இதைச் சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் அவளும் தையல் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க மெஷின் முன்னால் குனிந்து உட்காரப் போகிறவளிடம் அலுப்பைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது. டீயைக் குடித்தார். பையை எடுத்தார். செருப்பை மறுபடி மாட்டினார்.

மனைவியின் தங்கை ஆற்றுத்துறையில் ஆள் ஏற்றிப் போகும் படகு ஒன்றை ஓட்டுகிறாள். பாலம் வெகு தொலைவில் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியும் ஆபீஸ்களும் அந்தக் கரையில். பஸ்ஸில் சுற்றிப் போக அரை நாள் ஆகும் என்பதால் ஜனங்கள் படகில்தான் போவார்கள். முன்பு அவள் புருஷன்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். இடுப்பு பிடித்துக்கொண்டதிலிருந்து மோட்டார் அதிரும் பலகையில் அவனால் உட்கார முடியவில்லை. இப்போது கயிறு கட்டுவதும், ஆளைக் கூப்பிடுவதும், கழட்டக்கூடாததைக் கழட்டிப் பார்ப்பதும் அவன் வேலை. துறையில் எல்லோரும் அவனைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டினபோது யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

எலக்ட்ரீஷியனுக்கு அவன் சகலை. ஒரே மாமியாரிடம் தனித்தனியாக அகப்பட்டுக்கொண்ட இரண்டு பேர் எவ்வளவு பிரியமாக இருக்க முடியுமோ அவ்வளவு பிரியமாக இருந்தார்கள். அதாவது, கல்யாண வீடுகளில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. மற்ற நாட்களில் ஒருவரைப் பற்றி ஒருவர் வீட்டில் புறம் பேசுவது.

"வாங்க சகலை, வாங்க! டாக்டர் வந்தாச்சு," என்று துறையிலிருந்தே கேப்டன் கத்தினான்.

மோட்டாரின் மூடி கழற்றி வைக்கப்பட்டிருந்தது. எலி புகுந்து விளையாடியிருந்தது. ஒயர்களின் மேல்தோல் மொத்தமும் போய், செம்பு அங்கங்கே பல்லிளித்தது.

"மழைக்கு ரெண்டு வாரம் ஓட்டாம மூடி வச்சோம் மாமா," என்றாள் கொழுந்தியாள். "குடும்பமே நடத்தியிருக்கு உள்ள."

"நம்மள விட வசதியா இருந்திருக்கும்," என்று சொல்லிவிட்டு அவர் குனிந்தார். முழங்கால் சடக்கென்றது.

பழைய ஒயரை ஒட்டுப்போடுவதில் பிரயோஜனமில்லை. எல்லாவற்றையும் அறுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக இழுத்தார். பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், ஃப்யூஸிலிருந்து ஓட்டுகிறவர் பக்கத்தில் இருக்கும் சாவி. சாவியை முழுக்கத் திருப்பினால் கரண்ட் பின்னால் மோட்டாருக்குப் போகும். ஆனால் நேராகப் போகாது. கியர் லீவரின் கேபிள் வந்து சேரும் இடத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது. மோட்டார் நியூட்ரலில் இருந்தால் மட்டும் அது அழுந்தி வழிவிடும். கியரில் இருந்தால் விடாது, சாவியை எத்தனை தரம் திருப்பினாலும் மோட்டார் மூச்சு விடாது. அதைத் தாண்டித்தான் ஸ்டார்ட்டர். இன்னொரு சுவிட்ச், சாவிக்குப் பக்கத்தில், சிவப்புச் சுருள் கயிறு மாட்டியது. கயிற்றை இழுத்தால் ஓடுகிற மோட்டார் அந்த நிமிஷமே நின்றுவிடும். ஓட்டுகிறவர் தண்ணீரில் விழுந்தால் படகு அவரை விட்டுவிட்டுப் போகாமல் இருப்பதற்காக.

வெயில் ஏறியது. குனிந்தே இருந்ததில் தலைக்குள் ரத்தம் இறங்கி நின்றது. இடையில் ஒரு தடவை, கையில் இடுக்கியோடு, கண் திறந்தபடியே தூங்கிவிட்டார். கேப்டன் முதுகில் தட்டினான்.

"சகலை, குறட்டை சத்தத்துக்கு மீன் எல்லாம் பயப்படுது."

கரையில் ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். சிலர் பார்த்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்கள். மதிய ட்யூட்டிக்குப் போகவேண்டிய ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி மட்டும் குடையை விரித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் உட்கார்ந்திருந்தது அதைவிட மோசமாக இருந்தது.

கடைசி முனையையும் இறுக்கிவிட்டு அவர் நிமிர்ந்தார். "திருப்புங்க."

கேப்டன் சாவியைத் திருப்பினான். விளக்கு எரிந்தது. மோட்டாரில் ஒரு முனகல்கூட இல்லை.

டெஸ்ட் லாம்ப்பை எடுத்து ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தார். ஃப்யூஸில் எரிந்தது. சாவியில் எரிந்தது. அந்தச் சின்ன சுவிட்சின் இந்தப் பக்கம் எரிந்தது, அந்தப் பக்கம் எரியவில்லை.

"அந்த சுவிட்ச் செத்துப்போச்சு," என்றான் கேப்டன். "அதை எலி கடிச்சிருக்கும். நேரா சேர்த்து விட்டுடுங்க சகலை. ஆத்துல பாதிப் படகு அப்படித்தான் ஓடுது."

"லீவர் நியூட்ரல்லதானே இருக்கு?"

"நெட்டுக்குத்தா நிக்குது, பாருங்க."

எட்டிப் பார்த்தார். லீவர் நேராகத்தான் நின்றது. சுவிட்ச் கெட்டதா இல்லையா என்று தெரிய, அதைக் கழற்றி விரலால் அழுத்திப் பார்த்தால் போதும். அதற்கு மறுபடி மண்டியிட வேண்டும், தலையை மோட்டாருக்குள் நுழைக்க வேண்டும். ஃபாக்டரியில் எவனாவது காப்பு சுவிட்சை நேராகச் சேர்த்து வைத்தால் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டுகிறவர் அவர். அன்றைக்குத் திட்டுவதற்குக்கூட அவரிடம் தெம்பில்லை. கண்ணுக்குள் வீடு தெரிந்தது, ஜன்னலுக்குப் போட்ட துணி தெரிந்தது, தலையணையின் குளிர்ந்த பக்கம் தெரிந்தது.

"அது இல்லாம ஓட்டலாமா மாமா?" என்று முன்பக்கத்திலிருந்து கொழுந்தியாள் கேட்டாள்.

"மோட்டார் ஸ்டார்ட் ஆகுதான்னு பாக்கத்தான்மா. அப்புறம் புது சுவிட்ச் வாங்கிப் போட்டுக்கலாம்."

இரண்டு ஒயரின் முனைகளையும் சுவிட்சிலிருந்து பிடுங்கி ஒன்றோடொன்று முறுக்கினார். கொழுந்தியாள் முன்னால் படியில் நின்று, படகு துறையில் இடிக்காமல் ஒரு கையை விளிம்பில் வைத்துத் தள்ளிப் பிடித்திருந்தாள். கட்டியிருந்த கயிறு தளர்ந்து கிடந்தது. பல நாள் கிடந்த மோட்டார் என்று கேப்டன் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் தூக்கி வைத்துச் சாவியைத் திருப்பினான்.

மோட்டார் எடுத்த எடுப்பில் பிடித்துக்கொண்டது. பிடித்த வேகத்தில் படகு முன்னால் பாய்ந்தது.

கேப்டன் மல்லாக்க விழுந்தான். எலக்ட்ரீஷியன் மண்டியில் விழுந்தார். கயிறு விறைத்து, படகின் மூக்கு திரும்பி, துறைக்கம்பத்தில் மோதியது. ஒரே ஒரு அலறல் கேட்டது. அவர் விழுந்த இடத்திலிருந்தே கையை நீட்டிச் சிவப்புக் கயிற்றை இழுத்தார். மோட்டார் நின்றது. அதற்குப்பின் தண்ணீர் படியில் மோதும் சத்தம் மட்டும்தான்.

படகின் விளிம்புக்கும் கம்பத்துக்கும் நடுவில் அவள் கை அகப்பட்டிருந்தது. படகு பின்வாங்கியதும் கையை எடுத்துத் தானே பார்த்தாள். இரண்டு விரல்கள் வளையக்கூடாத பக்கம் வளைந்திருந்தன. அவள் மறுபடி கத்தவில்லை. துறைப் படியில் மெதுவாக உட்கார்ந்து, "ஐயோ, என் கை" என்று, வேறு யாருடைய கையையோ பார்த்துச் சொல்வதுபோல் தணிந்த குரலில் சொன்னாள்.

குடையைப் போட்டுவிட்டு நர்ஸ் ஓடிவந்தாள். "யாரும் விரலைத் தொடாதீங்க. எலும்பு போயிருக்கு. உடனே கொண்டு போகணும்."

ஆஸ்பத்திரி எதிர்க்கரையில். துறையிலிருந்து பார்த்தால் அதன் வெள்ளைக் கட்டடம் தெரிந்தது. போட்டிப் படகுக்காரன் அந்தக் கரையில் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான்; போன் அடித்தால் எடுக்கவில்லை.

"இப்படியே போயிடலாம் சகலை," என்று கேப்டன் உளறினான். முகமெல்லாம் வியர்வை. "அதான் ஸ்டார்ட் ஆகுதே, வாங்க, போயிடலாம்."

"ஆகும்போது பாயுது. அந்தக் கரையிலயும் படியில ஆள் நிப்பாங்க. லீவரை நேரா வச்சாலும் நிக்காது, யார் மேலயாவது ஏத்திடுவோம்." அவர் குரல் அவருக்கே அந்நியமாக ஒலித்தது. "கொஞ்சம் பொறுங்க. என்னன்னு பாக்குறேன்."

முறுக்கிய ஒயரை முதலில் பிரித்தார். பிறகு, சற்று முன் தவிர்த்தாரே, அதைச் செய்தார்: மண்டியிட்டுத் தலையை உள்ளே விட்டார். சுவிட்சை விரலால் அழுத்தினார். டெஸ்ட் லாம்ப் பளிச்சென்று எரிந்தது. சுவிட்சுக்கு ஒன்றுமில்லை. எலி அதைத் தொடவேயில்லை.

கையை நீட்டிப் பின்னால் தண்ணீருக்குள், படகைத் தள்ளும் விசிறியைத் திருப்பிப் பார்த்தார். சுற்றவில்லை. கடித்துப் பிடித்துக்கொண்டு நின்றது. லீவர் நியூட்ரலில், மோட்டார் கியரில். சுவிட்ச் அதைத்தான் அத்தனை நேரமும் சொல்லிக்கொண்டிருந்தது.

"கியர் கேபிள் நீளம் மாறியிருக்கு. யாராவது கழட்டினீங்களா?"

தலை உள்ளே இருந்ததால் கேப்டனின் கால் மட்டும் தெரிந்தது. கால் நகர்ந்து நின்றது.

"போன வாரம் கிரீஸ் வைக்கலாம்னு... முனையைக் கழட்டினேன். திரும்ப மாட்டிட்டேனே சகலை."

"மாட்டினீங்க. எத்தனை மரை ஏத்தணும்னு பாக்கல."

அதற்கு மேல் திட்டவில்லை. ஒயரைச் சேர்த்து முறுக்கியது கேப்டன் இல்லையே.

கேபிள் முனையை அது மாட்டியிருந்த இரும்பு ஊசியிலிருந்து எடுத்தார். விசிறியை ஒரு கையால் அசைத்துக்கொண்டே கியரை மறு கையால் தள்ள, விசிறி சட்டென்று விடுபட்டுச் சும்மா சுற்றியது. அதுதான் நிஜ நியூட்ரல். முனையின் துளை ஊசிக்கு நேராக வரும்வரை மரையைத் திருகினார். முனையை ஊசியில் பிடிக்கும் கிளிப் ஒருமுறை கை நழுவித் தண்ணீரில் விழப் பார்த்தது; கேப்டன் பாய்ந்து பிடித்தான். இடுப்பு வலியில் அவன் வாயிலிருந்து வந்த வார்த்தையை நர்ஸ் கேட்காத மாதிரி இருந்தாள். ஊசியில் மாட்டி, கிளிப்பைப் போட்டு, நட்டை இறுக்கியபோது சின்னதாக ஒரு டிக் சத்தம். சுவிட்ச் தானாகவே அழுந்தியிருந்தது. இரண்டு ஒயரையும் அதனதன் இடத்தில் மாட்டினார்.

லீவரை முன்னுக்குத் தள்ளிச் சாவியைத் திருப்பினார். ஒன்றும் நடக்கவில்லை. நேராக வைத்துத் திருப்பினார். மோட்டார் உறுமியது, படகு கட்டிய இடத்தில் அசையாமல் நின்றது.

"ஏத்துங்க அவளை."

"நான் ஓட்டறேன்," என்று கொழுந்தியாள் எழுந்தாள்.

"உட்காரும்மா!" என்று நர்ஸ் போட்ட அதட்டலில் கேப்டனும் சேர்ந்து உட்கார்ந்தான், ஓட்டுகிறவர் பலகையில். பல மாதத்துக்குப் பிறகு. சிவப்புக் கயிற்றைச் சொல்லாமலே மணிக்கட்டில் மாட்டிக்கொண்டான்.

கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னாள் நர்ஸ். எலக்ட்ரீஷியன் கொழுந்தியாளின் மணிக்கட்டை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் நல்ல கையால் வழி காட்டினாள்.

"இடது பக்கம் போகாதீங்க, திட்டு இருக்கு. இன்னும் வலது. ஐயோ, அவ்வளவு வேணாம், ஆத்தையே சுத்திப் பாக்கவா போறோம்?"

கேப்டன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். ஒவ்வொரு அலைக்கும் அவன் முகம் சுருங்கியது.

"என்னை மன்னிச்சிடும்மா," என்றார் எலக்ட்ரீஷியன்.

"இப்ப பேசாதீங்க மாமா. கை இறங்குது பாருங்க, தூக்கிப் பிடிங்க."

அவர் தூக்கிப் பிடித்தார். கரை வரும்வரை இறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கூட்டிப் போனார்கள். சகலைகள் இருவரும் வராந்தாவில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். கல்யாண வீடு இல்லை என்பதால் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. கேப்டனின் போன் அடித்தது. எலக்ட்ரீஷியனின் மனைவி. துறையிலிருந்து யாரோ அதற்குள் செய்தி சொல்லிவிட்டார்கள்.

"ஒண்ணும் பயப்படாதீங்க அண்ணி," என்றான் கேப்டன். "கட்டுப் போட்டுக்கிட்டு இருக்காங்க. ஆமா... இல்ல இல்ல, அவர் என்ன பண்ணுவாரு? நான்தான் அவசரப்பட்டு ஒயரை நேரா சேர்த்தேன். அவர் வேணாம்னுதான் சொன்னாரு."

எலக்ட்ரீஷியன் திரும்பிப் பார்த்தார். கேப்டன் அவர் கண்ணைப் பார்க்காமல் சுவரில் ஒட்டியிருந்த கொசு ஒழிப்பு விளம்பரத்தைப் படித்துக்கொண்டே பேசினான். அப்படியே விட்டிருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. அவர் கையை நீட்டிப் போனை வாங்கினார்.

"அவர் சொல்றது பொய். சேர்த்தது நான். சுவிட்சைக் கழட்டிப் பாக்கச் சோம்பப்பட்டுச் சேர்த்தேன். அவ கேக்கவும் கேட்டா, அது இல்லாம ஓட்டலாமான்னு."

மறுமுனையில் தையல் மெஷின்கள் வரிசையாக ஓடும் சத்தம் கேட்டது.

"தூங்காம வந்த மனுஷனைத் துரத்தி அனுப்பினது நான்," என்றாள் அவள். "அதுக்காக உங்க மேல கோவம் இல்லன்னு நினைச்சுக்காதீங்க. இருக்கு. நிறைய இருக்கு. வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம். அவ வெளிய வந்ததும் போனை அவகிட்ட குடுங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"எதுக்கு சகலை பொய் சொன்னீங்க?"

"எனக்குத்தான் ஏற்கெனவே நல்ல பேரு இல்லையே. முழுக்க நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்கு?" கேப்டன் இடுப்பைத் தடவிக்கொண்டான். "நீங்க ஒருத்தராவது அந்த வீட்ல உருப்படியான மருமகனா இருங்களேன்னு பாத்தேன். கெடுத்துட்டீங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. கேப்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒத்தக் கத்துதான் கத்தினா, கவனிச்சீங்களா?" என்றான். அவர் தலையசைத்தார்.

இரண்டு விரலும் முறிந்திருந்தன. ஒன்று நேராகச் சேரும், மற்றது கொஞ்சம் மடங்காமல் நிற்கலாம் என்றார் டாக்டர். கட்டுப் பிரிக்கும்வரை படகு ஓட்டுவதை நினைக்கவே கூடாது. "அப்ப இவர்தான் ஓட்டணும்," என்று கொழுந்தியாள் புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் விரல் வலியைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்ப வந்தபோது அந்தக் கரைத் துறையில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். காலையிலிருந்து சவாரி இல்லை. அவர்களை ஏற்றாமல் போக மனம் வரவில்லை. கேப்டன் யாரோ கொடுத்த மூட்டையை முதுகுக்கு அண்டைகொடுத்து உட்கார்ந்தான். எலக்ட்ரீஷியன் பின்பக்கம், மோட்டாருக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தார். சத்தத்தைக் கவனிக்கலாம் என்று காதை அதன் மூடிக்கு அருகே வைத்தார். அவ்வளவுதான் அவருக்கு நினைவிருந்தது.

கண் விழித்தபோது வெளிச்சம் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. படகு வீட்டுப்பக்கத் துறையில் கட்டிக்கிடந்தது. தலைக்குக் கீழே மடித்த துண்டு. இறங்குகிறவர்கள் அவர் காலைத் தாண்டித் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் கொழுந்தியாள், கட்டுப்போட்ட கையை மடியில் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எத்தனை தடவை போயிட்டு வந்தீங்க?"

"யார் எண்ணினா? ரெண்டு தடவை திட்டுல ஏத்தினாரு, அது மட்டும் நினைப்பிருக்கு."

"என்னை எழுப்பியிருக்கலாமே."

"எழுப்பினோம். 'ஃப்யூஸ் பாத்தாச்சு'ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டீங்க."

அவர் விளிம்பைப் பிடித்து எழுந்தார். முழங்கால்கள் ஒவ்வொன்றாக அனுமதி கொடுத்தன. பையில் சாமான்களைப் போட்டார். கேப்டன் பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு கையை மட்டும் ஆட்டினான்.

"பாத்துப் போங்க மாமா," என்றாள் அவள். "அக்காகிட்ட வலியே இல்லன்னு சொல்லுங்க. இல்லன்னா நாளைக்கே கிளம்பி வந்து உக்காந்துக்குவா."

"வலிக்குதா?"

அவள் கட்டைப் பார்த்தாள். "உயிர் போகுது."

"அப்ப வலிக்குதுன்னுதான் சொல்லப்போறேன்."

அவள் மறுக்க வாயெடுத்து, பிறகு விட்டுவிட்டாள். "சரி, சொல்லுங்க," என்றாள்.

அவர் படியேறி பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார்.